பொனற்றுக்குப் பின்னால் நின்றவன்

சிவமயம்

கூர்,
10.11.1986

அன்புள்ள தம்பி குலேந்திரனுக்கு,

இங்கே கூர் நகரில், கீழ்வீட்டில் நானும், மேல்மாடியில் தங்கச்சி ஜெயமலரும் சுகம். டாவோஸ் குளிரும் ஹோட்டல் குசினிச் சூடும் மாறி மாறி வாட்டினாலும் நீரும் சுகமாகவே இருப்பீர் என்று நம்புகிறேன்.

உமது கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு பக்கக் கடிதத்தில் காரைப் பற்றி ஐந்து தரம் கேட்டிருக்கிறீர், பிள்ளைத்தாய்ச்சி மனைவியைப் பற்றி இரண்டு தரம். எண்ணிச் சொன்னவள் தங்கச்சிதான், நான் அல்ல. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆகவே காரின் சுகத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீர் சந்தேகப்பட்டது சரி. உள்ளே சூடு வராததற்கும் நிலத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியதற்கும் காரணம் ஒன்றுதான். என்ஜினில் இருந்து சுடுதண்ணீர் வரும் றப்பர்க் குழாய் முனையில் வெடித்திருந்தது. பெரிய தெருக் கராஜில் கேட்டேன், பத்து நாள் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் இருக்கும்போது இன்னொருவன் கை வைப்பதா? சனிக்கிழமை, பழைய கார்களைக் குவித்து வைத்திருக்கும் இடத்துக்கு நடந்து போய், அங்கே கிடந்த ஒன்றில் இருந்து அதே அளவுக் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

அதைப் பூட்டப் பட்ட பாட்டைக் கேளும். எங்கள் ஊரில் ஓடுவதெல்லாம் இங்கிலீஷ்காரனின் பழைய கார்கள். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று ஸ்பனருக்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கே எல்லாம் மில்லிமீற்றர். என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவும் போர்த்துக்கீசன் தன் ஸ்பனர்ப் பெட்டியை இரவல் தந்தான். அதில் பத்து இருக்கிறது, பன்னிரண்டு இருக்கிறது, எனக்கு வேண்டிய பதினொன்று மட்டும் இல்லை. குறட்டால் பிடித்துத் திருகினேன். நட்டு வழுக்கிக் கை இரும்பில் போய் அடித்து மூன்று விரலில் தோல் உரிந்துவிட்டது. குழாயை இறுக்கும் வளையம் கைதவறி என்ஜினுக்குள் எங்கேயோ விழுந்தது. முக்கால் மணித்தியாலம் ஈர நிலத்தில் படுத்துக் கிடந்து, கம்பி நுனியில் மென்ற சுவிங்கத்தை ஒட்டி அதை வெளியே எடுத்தேன். எல்லாம் முடிந்து நிமிரும்போது, என்ஜினுக்கு மேலே தூக்கி நிறுத்தியிருந்த பொனற்றில் தலை இடித்தது. நான் சொன்ன வார்த்தை விளங்க இந்தத் தெருவில் ஒருவரும் இல்லை என்று நினைத்தேன். மேலே யன்னலில் தங்கச்சி நின்றிருக்கிறாள்.

இன்னொன்று. றேடியேற்றர் மூடியைத் திறந்தால், தம்பி, உமக்குக் கார் விற்ற இத்தாலிக்காரன் எத்தனை வருடமாகத் தண்ணீர் மாற்றாமல் ஓடினானோ தெரியாது. உள்ளே பச்சைப் பசேல் என்று குளத்துப் பாசி மாதிரி நின்றது. ஒரு சொட்டு விடாமல் திறந்து ஊற்றிவிட்டு, மூன்று தரம் அலசி, குசினிக் குழாயில் இருந்து நல்ல தண்ணீர் பிடித்து நிரப்பினேன். மலையில் இருந்து வருகிற தண்ணீர். உமது கார் இனி நம்மைவிட நல்லதைக் குடிக்கப்போகிறது.

எதிர்வீட்டு மொய்லி அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்று ஒரு தரம் யன்னலைத் திறந்து சொன்னார். பிறகு நிலத்தில் ஓடிய பச்சையைக் கண்டுவிட்டு வாளியில் மண் கொண்டுவந்து கொட்டி மூடினார். தன்னுடைய பூனை அதை நக்கினால் செத்துப்போகுமாம். பாசித் தண்ணீர் குடித்து எந்த ஊரில் பூனை செத்தது? கார் வாங்கிய அன்று நீர் ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத் தேங்காய் உடைத்தபோது, சிரட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனவரும் இவர்தான். எங்களைப் பற்றி என்ன நினைக்கிறாரோ தெரியாது. ஆனால் மனுசி நல்ல மனுசி.

பின்னேரம் காரை ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வாசலுக்கு ஒன்பது நிமிடம். உள்ளே சூடு பிய்த்துக்கொண்டு வருகிறது. ஜனவரி பத்தாம் திகதியளவில் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் பதற்றப்பட ஒன்றும் இல்லை. தங்கச்சி இப்போதே உடுப்புப் பையைக் கதவடியில் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு ரக்சி நம்பரும் எழுதி வைக்கட்டோ அண்ணை என்று கேட்டாள். “அதெதுக்குப் பிள்ளை, நானும் காரும் நிக்கேக்க” என்று சொல்லிவிட்டேன். நீர் அங்கே நிம்மதியாக வேலையைப் பாரும்.

இப்படிக்கு,
உமது மெக்கானிக் அண்ணை,
நித்தியானந்தன்

•

சிவமயம்

கூர்,
7.12.1986

அன்புள்ள தம்பி குலேந்திரனுக்கு,

உமது இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதுகிறேன், குறை நினைக்கவேண்டாம். உணவகத்தில் நத்தார், புதுவருட விருந்துகள் தொடங்கிவிட்டன. கழுவக் கழுவக் கோப்பைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

தங்கச்சிக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அது வழமைதான் என்று டாக்டர் சொன்னாராம். பசி குறைவில்லை. போன புதன்கிழமை நான் வைத்த இரசம் உறைப்புக் காணாது என்று சொல்லிவிட்டுத் தானே இறங்கி வந்து மிளகு இடித்தாள். ஊரில் இருந்து எனக்கும் கடிதம் இல்லை, அவளுக்கும் இல்லை. தபால் ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். நல்ல செய்தியே வரும் என்று இருப்போம்.

கார் நிற்கிறது. இந்தக் குளிரில் வீணாக ஓட்டவேண்டாம் என்று படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒரு சின்ன வேலை பார்க்க இருக்கிறது, பெரிய விசயம் இல்லை. பதினான்காம் திகதி லீவு கிடைத்தால் உம்மை லாண்ட்குவார்ட் ஸ்ரேசன் வரைக்கும் காரில் வந்து ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறீர். அது எதற்கு? ரயில் நல்ல சூடாக இருக்கும், பாதையிலும் வழுக்கல்.

உம்முடைய குசினியில் கார் வைத்திருக்கிறவர்கள், குளிர்காலத்தில் என்ஜினுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாரும். எனக்காக இல்லை. சும்மா ஓர் அறிவுக்குத்தான்.

தங்கச்சி யன்னலடியிலேயே நிற்கிறாள். அதன் கீழேதான் காரும் நிற்கிறது. யன்னல் வழியே குளிர் வரும் என்று சொல்லித் தடித்த திரைச்சீலை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன். நீர் ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடும்.

இப்படிக்கு,
நித்தியானந்தன்

•

சிவமயம்

கூர்,
4.1.1987

அன்புள்ள தம்பி குலேந்திரனுக்கு,

பிள்ளையும் தாயும் சுகம். அதை முதலில் எழுதிவிட்டேன், மிச்சத்தை நீர் பதறாமல் வாசிக்கலாம். பதறாமல் வாசிக்கலாமே தவிர, கோபம் வராமல் வாசிக்க முடியாது.

இங்கிருந்து டாவோசுக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இன்று காலை ஸ்ரேசன் வரைக்கும் வந்தேன். ரிக்கற் வாங்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் வாங்கி முடித்ததும் வரிசையை விட்டு விலகி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உம்முடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் உமக்கு முன்னால் தலை குனிந்து நிற்கப் பயமாகவும் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் தங்கச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். முப்பத்தொன்றாம் நாள் கழியாமல் துடக்குத் தீட்டோடு மற்ற வீட்டுக்குள் வரக்கூடாது என்று படியிலேயே நின்றாள். “அண்ணை, அவர் கடிதம் போட்டவர். உங்களிட்ட மன்னிப்புக் கேக்கட்டாம். கேட்டிட்டன் எண்டு நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கோ” என்றாள். ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிள்ளை சிணுங்கியதும் திரும்பி மேலே ஏறத் தொடங்கினாள்.

தம்பி, உமது மனைவி என்னிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்த அன்று கார் றெடியாக நின்றது என்று ரெலிபோனில் உமக்குச் சொன்னேனே, அது பொய். கார் அதற்கு மூன்று கிழமைக்கு முன்னமே செத்துவிட்டது. அதைக் கொன்றவன் நான்.

நவம்பர் மாதம் நான் அலசி ஊற்றிய அந்தப் பச்சைத் தண்ணீர் பாசி இல்லையாம். குளிரில் தண்ணீர் உறையாமல் இருக்க இங்கே எல்லோரும் றேடியேற்றரில் விடுகிற மருந்தாம். அதை நிலத்தில் ஊற்றிவிட்டு நான் வெறும் தண்ணீரை நிரப்பி, உமக்குப் பெருமையாகக் கடிதமும் எழுதினேன். அந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி, பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை குளிர். காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் முனகியதே தவிர ஓடவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஐஸ். பிழை விளங்கவேண்டிய இடத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து ஊற்றினேன். ஒரு கேத்தில், இரண்டு கேத்தில், ஐந்து கேத்தில். உள்ளே எங்கேயோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஐஸ் இளகியதும் என்ஜினின் பக்கவாட்டால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. துடைத்துப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு வெடித்திருந்தது.

அன்று பின்னேரம் உணவகத்தில் போர்த்துக்கீசனிடம் கதையைச் சொன்னேன். வேறு ஒருவனுக்கு நடந்ததாகத்தான் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெறும் தண்ணீர் விட்ட அந்தக் கழுதை யார் என்று கேட்டான். தெரியாத ஆள் என்றேன். மொய்லி அம்மா பூனைக்காக மண் அள்ளிக் கொட்டியபோதாவது, இது என்ன சாமான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை.

பிறகு மூன்று கிழமை நான் அந்தக் காரோடு பட்டது பைத்தியக்காரன் வேலை. இரண்டு குழாயில் வருகிற பசையைக் குழைத்து வெடிப்பில் அப்பினேன். குளிரில் அது காயவே இல்லை. மேல்மாடித் தலைமயிர் உலர்த்தியை இரவல் வாங்கி, நீளமாக வயர் இழுத்து, பனிக்குள் குந்தியிருந்து காய வைத்தேன். தண்ணீர் விட்டதும் பசை அப்படியே தோல் மாதிரிக் கழன்று வந்தது. பெற்றோல் ராங்க் ஒழுகினால் ஊரில் சவர்க்காரம் தேய்த்து அடைப்பார்கள். அதையும் தேய்த்துப் பார்த்தேன். என்ஜின் எண்ணெய்க்குள் தண்ணீர் போய்க் கலந்து மோர் மாதிரி வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பற்றறியும் இறங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் படங்குக்குள் புகுந்து எதையாவது திருகிக்கொண்டிருப்பேன். விரல் உணர்வற்றுப் போகும். ஒரு நாள் ஸ்பனரை எறிந்துவிட்டு ரயருக்கு உதைத்தேன். எனக்குத்தான் கால் நொந்தது.

இதில் எந்த நாளிலும் ஒரு வேலை செய்திருக்கலாம். மேலே ஏறிப் போய், தங்கச்சி, கார் பழுது, இந்தா ரக்சி நம்பர் என்று சொல்லியிருக்கலாம். பதினாறு படிதான். உலர்த்தி வாங்க ஏறினேன், இதைச் சொல்ல ஏறவில்லை. ஜனவரி வரைக்கும் நாள் இருக்கிறது, அதற்குள் எப்படியும் திருத்திவிடலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பதினான்காம் திகதி உமக்கு லீவு கிடைக்காதது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

டிசம்பர் பத்தொன்பதாம் திகதி, டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று கிழமை முந்தி, காலை பத்து மணி இருக்கும். பையோடும் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கோடும் தங்கச்சி படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. “அண்ணை, வெளிக்கிடுவம், தாங்கேலாது” என்றாள். அந்த இடத்தில், தம்பி, அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனிசன். நான் என்ன செய்தேன் தெரியுமா? படங்கை இழுத்து எறிந்தேன். கதவைத் திறந்து அவளைப் பின் சீற்றில் இருத்தினேன். முன்னால் ஏறி, ஓடாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்த காரின் சாவியைத் திருப்பினேன். மூன்று தரம் திருப்பினேன். பிறகு இறங்கிப் பொனற்றைத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் போய் நின்றேன்.

ஏன் தூக்கினேன் என்று இவ்வளவு நாளும் யோசித்துப் பார்த்தேன். திருத்த இல்லை. அதில் திருத்த ஒன்றும் இல்லை. பொனற்றுக்குப் பின்னால் நின்றால் அவளுக்கு என் முகம் தெரியாது. அவ்வளவுதான். உள்ளே அவள் முருகா முருகா என்று அனுங்குவது கேட்டது. நான் அங்கே ஒரு நட்டைத் தொடுவதும் விடுவதுமாக நின்றேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ சொல்லத் தெரியவில்லை.

மொய்லி அம்மா யன்னலால் பார்த்துவிட்டு, வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடி வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சியைத் தாங்கிக்கொண்டு போய்த் தன் சின்னக் காரில், தன் கட்டிலில் இருந்து உருவிய போர்வையை விரித்துக் கிடத்திக்கொண்டு போனார். பிளாஸ்க் மட்டும் என் கையில் மிஞ்சியது.

இனி எழுதுவதை உமக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் போய்ப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம். முதலில் அழவில்லையாம், நீலமாக இருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டாக்டர் தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டாராம். மொய்லி அம்மா படியில் வைத்து, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மெல்ல மெல்லச் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் தபால் கந்தோர் ரெலிபோன் பெட்டிக்குள் நின்று உமக்குக் கதைத்தேன். பெண் பிள்ளை என்றதும் நீர் சத்தம் போட்டு அழுதீர். பிறகு கேட்டீர், “எங்கட காரிலதானே அண்ணை கொண்டுபோனனீங்கள்?” என்று. அந்தக் கேள்வியில் எவ்வளவு ஆசை இருந்தது. என் வாய் தானாகச் சொல்லிவிட்டது, கார் றெடியாகத்தான் நின்றது, தங்கச்சிதான் பதறிப்போய் அந்த வெள்ளைக்காரியோடு ஏறிவிட்டாள் என்று. சொல்லி முடித்ததும், சொன்னதைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் உங்கள் குசினிப் பெரியவன் உம்மைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நீர் வைத்துவிட்டீர்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பக்கம் வர நேரம் இல்லாமல் நீர் ரயிலால் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நானும் அதே பிளாஸ்கில் மல்லித்தண்ணி கொண்டுவந்து வாசலில் நின்றேன். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு நீர் அவளைக் கேட்டீர். “அண்ணை காரோட நிக்க, முன்பின் தெரியாத ஒருத்தியோட ஏறிப் போறதோ? எங்கட ஆக்களில நம்பிக்கை இல்லையோ உமக்கு?” அவள் உம்மைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்கின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “ஓம், நான்தான் பயந்து அவசரப்பட்டிட்டன்” என்று சொன்னாள். பிள்ளை பெற்று இரண்டே நாளான உடம்போடு, செய்யாத பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நீர் எழும்பி வந்து என் கையைப் பிடித்து, ஒன்றும் மனசில் வைக்காதேங்கோ அண்ணை என்று கேட்டீர். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியேறும்போது, பாதியில் நின்று திரும்பி ஒன்று சொன்னாள். “கேத்திலோட நிண்டீங்களே அண்ணை, அண்டைக்கே நான் மேல யன்னலில நிண்டு பாத்தனான். நீங்கள் வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.” மூன்று கிழமை காத்திருந்திருக்கிறாள். நான் படியேறிப் போய்ச் சொல்வதற்குப் பதிலாக அவளுடைய யன்னலுக்குத் திரைச்சீலை போட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதையும் எழுதினால்தான் இந்தக் கடிதம் முடியும். நான் மெக்கானிக் இல்லை, தம்பி. முதன்முதலில், அகதிகளாக வந்த எங்களையெல்லாம் ஒரே வீட்டில் போட்டபோது, ஊரில் என்ன வேலை என்று ஒவ்வொருவராகச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? ஒருவர் வாத்தியார், ஒருவர் வங்கியில், நீர் மின்சாரப் படிப்பு. என் முறை வந்தபோது கராஜ் என்றேன். அது பொய் இல்லை. மானிப்பாயில் கதிர்காமத்தம்பியரின் கராஜில் பதினொரு வருடம் இருந்தேன். மேசையில் இருந்து பில் எழுதினேன், சாமான் அலுமாரிச் சாவி என்னிடம் இருந்தது. என் கையில் கிறீஸ் பட்டது கிடையாது. நீங்கள்தான் மெக்கானிக் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் திருத்தவில்லை. உமது கார் வந்த கிழமை ஸ்ரார்ட் வராமல் நின்றபோது பற்றறி வயரைத் தட்டிவிட்டேன், நல்லகாலத்துக்கு ஓடிவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் மெக்கானிக் அண்ணை என்று கூப்பிட்டீர்கள். கோப்பை கழுவுகிறவனுக்கு அந்தப் பெயர் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று உமக்கு விளங்குமா தெரியவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் செய்தேன். உமது பிள்ளையின் உயிரோடு விளையாடியதும் அதற்காகத்தான்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் தங்கச்சியிடம் கொடுத்து, வாசித்துவிட்டு விரும்பினால் நீயே போஸ்ற் பண்ணு என்று சொல்லலாமோ என்று முதலில் யோசித்தேன். அவள் இரக்கப்பட்டுக் கிழித்துப் போட்டுவிடுவாள். அதுதான் என் ஆசையும் என்று பிறகு விளங்கியது. அதுவும் பொனற்றுக்குப் பின்னால் போய் நிற்கிற வேலைதான். ஆகவே எழுதி முடித்த கையோடு நானே ஒட்டி நானே பெட்டியில் போடுகிறேன்.

முப்பத்தொன்றுக்குப் பிள்ளையையும் தாயையும் காரில் டாவோசுக்கு ஏற்றிவரச் சொல்லி எழுதியிருந்தீர். கார் வராது. அதை என்ன செய்வது என்று நீர் சொல்லும், அப்படியே செய்கிறேன். பிள்ளையின் காதில் நான்தான் பெயர் சொல்லவேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை குட்டி இல்லாதவன் நான். ஆனால் அந்தக் காதில் முதல் பெயரைச் சொல்ல என் வாய்க்குத் தகுதி இல்லை. மொய்லி அம்மாவைக் கேளும். அவர் எப்படிச் சொன்னாலும் பிள்ளைக்கு அது சரியாகத்தான் கேட்கும்.

என்னை மன்னிக்கச் சொல்லி இப்போது கேட்கமாட்டேன், அது பிறகு. கேட்பது ஒன்றுதான். லீவு கேட்டு வாரும். கடிதத்தில் வேண்டாம், ரெலிபோனிலும் வேண்டாம், வந்து தங்கச்சியிடம் நேரில் கதையும். ஆஸ்பத்திரியில் அவளைக் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவள் உம்மைத் தாழவிடாமல், என்னையும் தாழவிடாமல் வாய்மூடி இருந்தவள். இந்த நாட்டில் உமக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது.

மேலே போக என் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். தட்டாமல் போம். அவளோடு கதைத்துவிட்டுத் திரும்பும்போது மனம் வந்தால் தட்டும். வராவிட்டால் அப்படியே போய்விடும், குறை நினைக்கமாட்டேன். உமது காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். நீர் ஏறி இறங்கும் வரைக்கும் நான் கதவுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

பிள்ளை நீடூழி வாழட்டும். தாயின் பொறுமை அவளுக்கு வரட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயப்படாத பிள்ளையாக வளரட்டும்.

இப்படிக்கு,
கதிர்காமத்தம்பியர் கராஜில் பில் எழுதிய
நித்தியானந்தன்